தலையில் கை வைக்காதீர்கள்

பெரம்பலூர்ப் பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் நான் வழக்கமாகப் போகிற சலூன் இருக்கிறது. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் அன்றைய தினசரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவது முடி வெட்டிக்கொள்ள மட்டும் அல்ல. நாலு பேர் பேசுவதைக் கேட்கவும்தான். ஊர் நடப்பைத் தெரிந்துகொள்ள அதைவிடச் சௌகரியமான இடம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது இருக்கும். அரியலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஏதோ ஒரு கிராமம். பஸ் ஏறி வந்திருக்கிறான். சட்டைப் பையில் நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டு. லீவு நாட்களில் சின்ன வெங்காயம் பிடுங்கப் போன கூலி. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். இரண்டு பக்கமும் ஒட்ட வழித்து, நடுவில் மட்டும் சேவற்கொண்டை போல முடியை நிறுத்திய ஒரு தலை.

"யாரப்பா இது?" என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"பலோட்டெல்லி சார். இத்தாலி பிளேயர். பழைய ஆளுதான், ஆனா ஸ்டைலு சூப்பரு."

"ஸ்கூல்ல விடுவாங்களா தம்பி?" என்றார் சலூன்காரர்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்ணே. நீங்க போடுங்க."

நாற்பது நிமிஷம் வேலை நடந்தது. அந்த நாற்பது நிமிஷமும் பையன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்து துணியை உதறியபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு வருமா என்பது சந்தேகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பையன் மறுபடியும் வந்தான். தலையில் ஒரு தொப்பி. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அதைக் கழற்ற மனமில்லாமல் இருந்தான். கழற்றியபோது பார்த்தேன்: முன் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஏர் ஓட்டிய சால் மாதிரி ஒரு பாதை. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, ஓர் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்துச் செய்த வேலை. பிள்ளைகள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகவில்லை.

"மொட்டை போட்டுடுங்கண்ணே" என்றான்.

சலூன்காரர் ஒன்றும் பேசாமல் போட்டுவிட்டார். காசு வாங்கவில்லை.

எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தை அரியலூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பிரஸ்தாபித்தேன். அவரும் ஆசிரியர், நல்ல மனிதர், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சாயங்காலம் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறவர். என்னோடு சேர்ந்து அவரும் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ஒருத்தனுக்குத்தானா? நான் போன மாசம் பதினாலு பேருக்கு வெட்டி விட்டேன்!" என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: "புள்ளிங்கோ மாதிரி வந்து நின்னா படிப்பு எப்படி ஏறும்? ஒழுக்கம் வேணாமா? எவனோ ஒரு இத்தாலிக்காரன் தலையைப் பாத்துட்டு நம்ம பண்பாட்டையே கெடுக்கிறானுங்க. நீங்க கதை எழுதறவர், உங்களுக்கென்ன? வகுப்பிலே நிக்கிறவன் நானில்லையா!"

பண்பாடு, இத்தாலி, ஒழுக்கம். நண்பருடைய கட்சிக்கு இந்த மூன்றும்தான் தூண்கள். அவருக்கு அன்று பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போது சொல்கிறேன். அவருக்கு மட்டும் அல்ல, அவரைப் போலவே நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிற நம் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பண்பாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஆண்பிள்ளையின் தலை எப்படி இருக்க வேண்டும் என்று நம் பண்பாடு சொல்கிறது? நண்பர் காதோரம் ஒட்ட வெட்டி, வகிடெடுத்து வாரிய கிராப்புத் தலைக்காரர். இதுவா பண்பாடு? நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தலையோடு இவர் தம் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஏறியிருந்தால், தாத்தா தீட்டுக் கழிக்கச் சொல்லியிருப்பார். அன்றைக்குக் குடுமிதான் தலை. கிராப்பு என்பது வெள்ளைக்காரன் தலை, மிலேச்சத் தலை, குடி கெடுக்க வந்த தலை.

கணித மேதை ராமாநுஜன் 1914ஆம் வருஷம் மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன் சென்னையில் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. அந்தத் துக்கம் அவருக்கு லேசில் ஆறவில்லை. காந்திஜியும் 1888இல் லண்டனுக்குப் புறப்படும்போது குடுமியை எடுத்துவிட்டுத்தான் போனார். வெறுந்தலையோடு நிற்கும்போது வெள்ளைக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம். அது கோழைத்தனம் என்று பின்னால் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் இவர்கள் இருவர் தலையிலும் யாரும் பலாத்காரமாகக் கத்தரி வைக்கவில்லை. ஊருக்குப் பயந்து தாங்களே இசைந்தது அது. அதுவே அத்தனை வலித்தது என்றால், பிடித்து நிறுத்தி வெட்டினால் எப்படி வலிக்கும்?

என் குடும்பத்துக் கதையையே சொல்கிறேன். என் கொள்ளுத்தாத்தாவுக்குக் குடுமி. தாத்தா தியாகராஜ பாகவதரின் ரசிகர். 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, முடியைப் பின்னுக்கு வாரிப் பிடரியில் புரள விடுகிற பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டார். கொள்ளுத்தாத்தா அவரோடு ஆறு மாதம் பேசவில்லையாம். தாத்தாவின் பிள்ளையான என் தகப்பனார் 1970களில் காதை மூடி முடி வளர்த்து, பெல்பாட்டம் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டார். பாகவதர் கிராப்புத் தாத்தா அவரைப் பார்த்து, "பரதேசிக் கோலம்" என்றாராம். 1996இல் 'காதல் தேசம்' வந்தது. நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் நெற்றியில் முடி விழுகிற 'அப்பாஸ் கட்டிங்' வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்தேன். காதை மூடிய முடியோடு படம் பிடித்துக்கொண்ட அதே தகப்பனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

நான்கு தலைமுறை. நான்கிலும் ஒரே கூச்சல். தான் வாலிபத்தில் வைத்துக்கொண்டது பண்பாடு, தன் பிள்ளை வைத்துக்கொள்வது சீரழிவு. இதற்குப் பண்பாடு என்றா பெயர்? வயதாகிவிட்டது என்று பெயர்.

நண்பருடைய இரண்டாவது தூண் இத்தாலி. அந்த இத்தாலியிலேயே இந்தச் சண்டை ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பு நடந்து முடிந்த சமாசாரம் அவருக்குத் தெரியாது போலும்.

பிளாரென்ஸ் நகரத்து வாலிபர்கள் அந்தக் காலத்தில் தோள்வரை முடி வளர்த்திருந்தார்கள். அன்றைய ஓவியங்களில் இன்றும் அந்தத் தலைகளைப் பார்க்கலாம். 1490களில் சவோனரோலா என்று ஒரு துறவி அங்கே கிளம்பினார். நகரத்தைப் பாவத்திலிருந்து மீட்பது தம் கடமை என்று கருதியவர். பையன்களைத் திரட்டி, அவர்கள் முடியை ஒட்ட வெட்டச் செய்து, ஒழுக்கப் படையாக வீதிகளில் நடத்தினார். அந்தப் பையன்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணாடியும் அலங்காரப் பொருளும் சீட்டுக்கட்டும் வாங்கி வந்தார்கள். 1497இல் அவற்றையெல்லாம் நடுச்சதுக்கத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். மறு வருஷமே அதே சதுக்கத்தில், அதே ஊர் ஜனங்கள் பார்த்திருக்க, அந்தத் துறவியைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். கொடுமைதான், நான் அதைக் கொண்டாடவில்லை. ஆனால் தலைமயிரை வெட்டி ஊரைத் திருத்த முயன்றவருக்கு ஊர் திருந்திக் கொடுக்கவில்லை என்பது சரித்திரம்.

பிறகு 1965, 66ஆம் வருஷங்களில் ரோமாபுரியிலே ஸ்பானியப் படிகள் என்ற இடத்தில் நீள முடி வைத்த இளைஞர்கள் கூடி உட்கார ஆரம்பித்தார்கள். 'கப்பெல்லோனி' என்று அவர்களுக்குப் பட்டப் பெயர். முடிக்காரப் பயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் 'புள்ளிங்கோ'வுக்கு அங்கத்து அண்ணன். பத்திரிகைகள் வசை பாடின, போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்று அந்த இளைஞர்கள் தாத்தாக்களாகி, தங்கள் பேரன்களின் தலையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நண்பருக்காக வாதாடக்கூடிய ஒரு பெரிய ஆளும் அந்த நாட்டில் உண்டு. நாவலாசிரியர், கவிஞர், சினிமா இயக்குநர் பசோலினி. 1973 ஜனவரியில் ஒரு தினசரியில் நீள முடிக்கு எதிராகவே அவர் ஒரு கட்டுரை எழுதினார். பிராக் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நீள முடிக்காரர்கள் இருவரை அவர் முதன்முதலில் பார்த்தாராம். அவர்கள் வாய் திறக்கவில்லை, அவர்களுடைய முடியே பேசியது, 'உங்கள் உலகம் எங்களுக்கு வேண்டாம்' என்கிற எதிர்ப்பு அதில் இருந்தது என்கிறார். பிறகு எல்லாரும் அதையே வைத்துக்கொண்டார்கள். முற்போக்கு வாலிபனையும் பிற்போக்கு வாலிபனையும் தலையை வைத்துப் பிரிக்க முடியாமல் போயிற்று. எதிர்ப்பு போய்ச் சந்தைச் சரக்கு ஆகிவிட்டது என்பது அவர் வாதம்.

இது பலமான வாதம், நான் ஒப்புக்கொள்கிறேன். பெரம்பலூர்ப் பையனின் சேவற்கொண்டையும் ஒரு வகையில் சந்தைச் சரக்குத்தான். கைப்பேசி காட்டுகிறது, அவன் வாங்குகிறான். ஆனால் ஐயா, பசோலினி என்ன செய்தார்? பேனாவை எடுத்தார். வாலிபர்களைச் சமமான மனிதர்களாக எண்ணி, அவர்களோடு வாதாடினார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ரோமாபுரித் தெருவில் அவர் அலையவில்லை. நண்பரும் ஒரு மணி நேரம் வகுப்பில் நின்று இதையெல்லாம் பையன்களோடு பேசியிருந்தால் நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

அந்தப் பையன் படம் காட்டினானே பலோட்டெல்லி, அவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கானா நாட்டிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்து, ஓர் இத்தாலியக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த மண்ணிலேயே பிறந்தும் பதினெட்டு வயதுக்கு அப்புறம்தான் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. 2012ஆம் வருஷத்து ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டு இத்தாலியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அப்படிப்பட்டவர் கறுப்பராக இருக்கிறார் என்பதற்காக அந்த நாட்டு மைதானங்களிலேயே வசவு வாங்கியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் இழிவு செய்த அந்தத் தலையை அவர் குனிந்து மறைத்துக்கொள்ளவில்லை. கொண்டை வைத்து நிமிர்த்திக்கொண்டார். நம் பையனுக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாதோ, தனக்கு ஏற்ற தலையைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

மொட்டை போட்டுக்கொண்டு அவன் எழுந்தபோது நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று கேட்டேன்: "எதுக்குத் தம்பி இவ்வளவு தூரம் வர்றே? உங்க ஊர்லயே வெட்டிக்கிட்டா பஸ் காசாவது மிச்சமாகுமே?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எங்க தெருக்காரங்களுக்கு ஊர்ல வெட்ட மாட்டாங்க சார்" என்றான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான்.

எனக்குச் சுரீர் என்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சீமையில் வாழ்கிறவன், கதை எழுதுகிறவன், மனித மனத்தை ஆராய்கிறவன் என்று நாலு பேர் சொல்லக் கேட்டுப் பூரித்தவன். இந்த ஒரு விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. அதை மீறுவது குற்றம் என்று 1955இல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்ன தெருக்காரனுக்கு இந்தக் கடையில் முடி வெட்டுவதில்லை என்கிற செய்தி இன்னும் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. முடி திருத்துகிறவரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. காந்திஜி இதை எப்போதோ பார்த்துவிட்டார். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார க்ஷவரத் தொழிலாளி அவருக்கு முடி வெட்ட மறுத்தான். அவர் தாமே மெஷின் வாங்கித் தாறுமாறாக வெட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். எலி கடித்ததா என்று நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் அந்தத் தொழிலாளியைக் கோபிக்கவில்லை. கறுப்பனுக்கு வெட்டினால் அவனுடைய வெள்ளைக்கார வாடிக்கை போய்விடும். நம் ஊரில் நம் தொழிலாளி தீண்டப்படாதவருக்கு வெட்ட நாம் விடுகிறோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் குடுமி இருக்கிறதே, அது வெறும் சிகை அல்ல, ஜாதிப் பலகை. முன்குடுமியா பின்குடுமியா, வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதெல்லாம் பிறப்பைப் பொறுத்தது. சிதம்பரத்துத் தீட்சிதரின் முன்குடுமியைப் பார்த்தால் தூரத்திலேயே ஆளைச் சொல்லிவிடலாம். 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா' என்று பழமொழியே குடுமியோடு ஜாதியை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. தலையைப் பார்த்தே தெருவைச் சொல்லக்கூடிய காலம் அது.

பெரம்பலூர்ச் சலூனில் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடக்கிறது? ஊர்த் தெருப் பையனும் காலனித் தெருப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தினசரியின் இரண்டு தாள்களைப் பங்கு போட்டுப் படித்துவிட்டு, ஒரே நாற்காலியில் மாற்றி மாற்றி ஏறுகிறார்கள். ஒரே மெஷின், ஒரே சீப்பு, ஒரே துணி. ஒரே மாதிரித் தலையோடு இறங்கிப் போகிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. இந்த மண்ணில் எத்தனையோ சீர்திருத்தக்காரர்கள் தொண்டை வறளப் பேசியும் நடக்காத ஒன்று அந்த நாற்காலியில் அரை மணி நேரம் நடந்துவிடுகிறது. அந்தத் தலையைத்தான் பிரார்த்தனைக் கூட்டத்தில் வைத்து உழுகிறார்கள்!

"ஜாதி அடையாளம் கூடாது என்பதற்காகத்தானே நாங்களும் சொல்கிறோம்?" என்று நண்பர் கேட்கக்கூடும். நாங்குநேரியில் 2023ஆம் வருஷம் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024இல் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் நெற்றிக் குறிகளும் கூடாது என்று அது சிபாரிசு செய்தது. அதற்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். ஆனால் கயிறு வேறு, முடி வேறு. கயிறு 'நான் இன்னான்' என்று சொல்லுகிறது. அந்தக் கொண்டையோ 'நான் இன்னான் என்று நீ சொல்ல முடியாது' என்கிறது. முன்னதை அவிழ்க்கச் சொல்லுங்கள். பின்னதை விட்டுவிடுங்கள்.

இனி ஒழுக்கம். பிறர் தலைமயிரைப் பலவந்தமாக எடுப்பதற்கு நம் சமூகத்தில் என்ன பொருள்? பழநியில் எடுத்தால் காணிக்கை. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி எடுத்தால் மங்கலம். ஆனால் இசைவில்லாமல் எடுத்தால் அது எப்போதும் தண்டனை. குற்றவாளிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றினார்கள். பால்ய விதவையின் தலையை மழித்து மூலையில் உட்கார்த்தினார்கள். அவர்களும் ஒழுக்கம் என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவில் 1879இல் கார்லைல் என்ற ஊரில் செவ்விந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். வந்து சேர்ந்த பையன்களுக்கு முதல் மரியாதையே பின்னலை வெட்டுவதுதான். நாகரிகப்படுத்துகிறோம் என்றார்கள். சிங்கப்பூரில் 1970களில், நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். இன்று அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் சிங்கப்பூர்க்காரர்களே சிரிக்கிறார்கள். நம் காலத்துக் கத்தரிக்கோலையும் பார்த்து நாளை சிரிப்பார்கள். ஆனால் அந்த அவமானத்தினாலேயே படிப்பை விட்டுவிட்டுப் போகிறவனுக்கு அந்தச் சிரிப்பால் என்ன லாபம்?

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல் ரீதியாகத் தண்டிக்கவோ மன ரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. அந்தச் சட்டம் பதினாலு வயது வரைக்கும்தானே என்று யாராவது கெட்டிக்காரத்தனமாகக் கேட்டால், பதினைந்தாவது பிறந்த நாளுக்கு மறுநாள் பிள்ளைக்கு மானம் போய்விடுகிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? இந்தக் கத்தரிக்கோல் எல்லார் தலையிலும் விழுவதில்லை. இதைப் படிக்கிற உங்கள் பிள்ளை கட்டணம் கட்டிப் படிக்கிறவன் என்றால், அவன் முடி நீண்டிருந்தால் டைரியில் ஒரு குறிப்பு வரும். உங்களுக்குத் தொலைபேசியில் மரியாதையாக ஒரு வார்த்தை வரும். தட்டிக் கேட்கத் தகப்பன் வர மாட்டான், வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று தெரிந்த பிள்ளையின் தலையில்தான் அது நேராக இறங்குகிறது. 'புள்ளிங்கோ' என்ற சொல்லையும் நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் சொல்வதில்லை. நம் பிள்ளை வைத்துக்கொண்டால் 'ஸ்டைல்', அவன் வைத்துக்கொண்டால் 'புள்ளிங்கோ'. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரட்டை நாக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசட்டும்.

முடி கண்ணில் விழுகிறதா, பேன் இருக்கிறதா, சோதனைச் சாலையில் நெருப்புப் பக்கம் நிற்கையில் அபாயமா? பையனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், தாயைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், விதி இருந்தால் வருஷத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பொதுவாக எழுதி ஒட்டுங்கள். ஆசிரியருக்கு அந்த அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயால் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. கத்தரிக்கோல் அதிகாரம் கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கிற அரியலூர்ச் சாலைகளில் இந்தப் பிள்ளைகள் சைக்கிள் மிதித்து உயிரோடு வந்து சேருகிறார்களே, அந்தத் தலைகளைப் பார்த்ததும் நமக்கு முதலில் தோன்ற வேண்டியது என்ன? 'வந்துவிட்டாயா, அப்பா!' என்கிற நிம்மதி அல்லவா?

நண்பருக்கு ஒரு யோசனை. அவர் இருக்கும் மாவட்டத்திலேயே, ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். வடக்கு வாசல் படியருகே ஒரு சிற்பம். சண்டேசர் கதை நண்பருக்குத் தெரிந்ததுதான். சேய்ஞலூர்ப் பையன், பசுவை ஒருவன் அடிக்கக் கண்டு பொறுக்காமல், நானே மேய்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்ட பிள்ளை. மணலில் லிங்கம் பிடித்து, பாலை ஊற்றிப் பூஜை செய்தபோது தகப்பன் வந்து பால் குடத்தை உதைத்தான். பிள்ளை தகப்பனின் காலையே வெட்டிவிட்டது. நம் பள்ளிக்கூட விதிப்படி பார்த்தால் இதைவிட ஒழுங்கீனமான பையன் உலகத்திலேயே கிடையாது.

அந்தப் பையனை இறைவன் என்ன செய்தார் என்பதைச் சோழநாட்டுச் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறான். பையன் கைகூப்பிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் பார்வதி. சிவபெருமான் தம் கையாலேயே அந்தப் பையனின் முடியைச் சுற்றிக் கொன்றை மாலையைக் கட்டிவிடுகிறார்.

ஒரு விடுமுறை நாளில் அந்தப் பதினாலு பையன்களையும் நண்பர் அங்கே அழைத்துக்கொண்டு போகட்டும். பஸ் செலவு என்னுடையது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, பிள்ளையின் தலையில் பெரியவர் கை வைப்பது எப்படி என்று முதலில் அவர் பார்த்துக்கொள்ளட்டும். பெரம்பலூர்ப் பையனை நான் அழைத்து வருகிறேன். அவனுக்கு முடி வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத்தான் இன்னும் திரும்பிப் போகவில்லை.